நியோபியத்தின் மேல் ஒரு காந்தப் படலம்: பரிமாற்றமா, கசிவுப் புலமா?

நியோபியப் படலம் ஒன்றை இரண்டு மெல்லிய காந்தப் படலங்களுக்கு நடுவே வைத்து, சுமார் 3 கெல்வினுக்குக் குளிர்வித்து, ஒரு காந்தத்தின் திசையை மட்டும் புரட்டினால் மின்தடை மாறும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 2002-இல் செம்பு–நிக்கல் கலவையைக் காந்தமாக வைத்து இதைச் செய்தபோது, நியோபியம் மின்தடையில்லாத மீக்கடத்தியாக மாறும் மாறுநிலை வெப்பநிலை நகர்ந்தது வெறும் 6 மில்லிகெல்வின். இவ்வளவு சிறிய நகர்வு எதனால் வருகிறது என்பதில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன.

காரணம் எளிது. ஒட்டிவைத்த காந்தமும் மீக்கடத்தியும் ஒன்றையொன்று பாதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் எலக்ட்ரான்களே இடைமுகத்தைத் தாண்டி மறுபக்கம் போய் அங்குள்ள பரிமாற்றப் புலத்தை, அதாவது எலக்ட்ரான்களின் ஸ்பின்களை (உள்ளார்ந்த காந்தத் திசைகளை) ஒரே பக்கம் நிறுத்தும் தாக்கத்தை, அனுபவிக்கின்றன. இரண்டாவது வழிக்குத் தொடுதலே வேண்டாம். காந்தத்திலிருந்து வெளியே கசியும் சாதாரணக் காந்தப்புலம் போதும். முதல் வழியின் இயற்பியல் நுட்பமானது, புதியது, எல்லோரும் தேடுவது. இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அளவைமானியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

பகையின் அளவு

மீக்கடத்தியில் மின்னோட்டத்தைச் சுமப்பவை கூப்பர் இணைகள் எனப்படும் எலக்ட்ரான் சோடிகள். அத்தகைய இணையின் இரண்டு எலக்ட்ரான்களுக்கும் ஸ்பின் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஃபெர்ரோகாந்தம் எல்லா ஸ்பின்களையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஸ்பின்னை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு மீக்கடத்தி தாங்கக்கூடிய உச்சப் புலம், அதன் மாறுநிலை வெப்பநிலையில் ஒவ்வொரு கெல்வினுக்கும் 1.86 டெஸ்லா என்று 1962-இல் கிளாக்ஸ்டனும் சந்திரசேகரும் தனித்தனியே காட்டினார்கள். (இவர் பி. எஸ். சந்திரசேகர்; நட்சத்திரங்களை ஆராய்ந்த சுப்ரமணியன் சந்திரசேகர் வேறு.) 9.2 கெல்வினில் மாறும் நியோபியத்துக்கு அது சுமார் 17 டெஸ்லா, அதாவது 1 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவிலான ஆற்றல். இரும்பு, கோபால்ட் போன்றவற்றின் பரிமாற்ற ஆற்றலோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஒரே பொருளுக்குள் இரண்டும் சேர்ந்து வாழ்வது ஏன் அரிது என்பது இதிலேயே தெரிகிறது. எர்பியம் ரோடியம் போரைடு என்ற சேர்மம் 8.7 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. இன்னும் குளிர்வித்து 1 கெல்வினுக்குச் சற்றுக் கீழே போனால் எர்பியம் அணுக்களின் காந்தம் ஒழுங்குபட்டு, மீக்கடத்தல் அழிந்துவிடுகிறது. 2000-இல் அழுத்தத்தின் கீழ் யுரேனியம் ஜெர்மனைடில் இரண்டும் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. அந்த வகையில் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய சேர்மங்களே உள்ளன.

படலங்களாக அடுக்கும்போது இந்த நெருக்கடி தளர்ந்துவிடுகிறது. இரண்டும் தத்தம் அடுக்கில் இருக்கின்றன. எல்லையில் சில நானோமீட்டருக்குள் மட்டும் மோதிக்கொள்கின்றன. தடிமனை நாம் தீர்மானிக்கலாம் என்பதால் மோதலின் அளவும் நம் கையில்.

இணை உள்ளே போனால்

செம்பு போன்ற சாதாரண உலோகத்துக்குள் நுழையும் கூப்பர் இணை, தாழ்ந்த வெப்பநிலையில் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வரை கலையாமல் போகும். காந்தத்துக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. மேல்நோக்கிய ஸ்பின்னுக்கும் கீழ்நோக்கிய ஸ்பின்னுக்கும் அங்கே ஆற்றல் வேறு. ஆகவே ஃபெர்மி உந்தமும் (கடத்தும் எலக்ட்ரான்களின் உச்ச உந்தம்) வேறு. எதிரெதிராக ஓடும் இணையின் மொத்த உந்தம் பூச்சியமாக இருக்க முடியாமல் போகிறது. விளைவு, இணையின் அலைச்சார்பு உள்ளே போகப்போகத் தேய்வதோடு நில்லாமல் நேர்க்குறிக்கும் எதிர்க்குறிக்கும் இடையே ஊசலாடுகிறது. சீரான புலத்தில் இப்படிப்பட்ட நிலையை 1964-இல் ஃபுல்டே–ஃபெரல், லார்கின்–ஓவ்சின்னிகோவ் என்ற இரு குழுக்கள் முன்கணித்திருந்தன. அடுக்குகளில் அது வலுக்கட்டாயமாகவே தோன்றுகிறது.

ஊசலின் நீளத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஃபெர்மி திசைவேகம் நொடிக்கு பத்து லட்சம் மீட்டர், பரிமாற்ற ஆற்றல் 0.3 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் நீளம் 1.1 நானோமீட்டர், அதாவது நாலைந்து அணு அடுக்கு. இவ்வளவு குறுகிய நீளத்தை நம்பகமாக அளக்கக் கடினம் என்பதால்தான் தொடக்கச் சோதனைகள் வலுக்குறைந்த கலவைகளைத் தேர்ந்தெடுத்தன. நிக்கல் பாதிக்குச் சற்று மேலிருக்கும் செம்பு–நிக்கல் கலவையின் கியூரி வெப்பநிலை (அதற்கு மேல் காந்தத்தன்மை மறைந்துவிடும்) சில பத்து கெல்வின் மட்டுமே.

2001-இல் ரஷ்யாவின் செர்னோகொலோவ்காவில் உள்ள ரியாசனோவ் குழுவும் நெதர்லாந்தின் லைடன் குழுவும் சேர்ந்து நியோபியம், செம்பு–நிக்கல், நியோபியம் என்ற ஜோசப்சன் சந்தியில் (இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே வேறொரு பொருளின் மெல்லிய படலம்) இந்தக் குறிமாற்றத்தைக் கண்டார்கள். வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க மாறுநிலை மின்னோட்டம் (மின்தடையின்றி ஓடக்கூடிய உச்ச மின்னோட்டம்) முதலில் பூச்சியத்துக்கு இறங்கி, மறுபடி எழுந்தது. பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு நியோபியங்களின் அலைச்சார்புக் கட்டமும் (phase) ஒன்று. அந்தப் பக்கம் 180 பாகை வித்தியாசம். முதல் வகைக்கு 0-சந்தி, இரண்டாம் வகைக்குப் பை-சந்தி என்று பெயர். இதே கலவையில் பின்னர் தடிமனை மாற்றி அளந்தபோது சுமார் 11 நானோமீட்டரிலும் 22 நானோமீட்டரிலும் இரண்டு குறிமாற்றங்கள் கிடைத்தன. தேய்வு நீளம் 1.3, ஊசல் நீளம் 3.5 நானோமீட்டர். எளிய கோட்பாட்டில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். கலவைக்குள் ஸ்பின்னைப் புரட்டும் சிதறல் தேய்வைத் துரிதப்படுத்திவிடுகிறது. காந்தம் வலுக்குறைந்தது என்பதற்காகக் கலவையை எடுத்தால் இந்தச் சிதறலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். அளவீட்டில் கிடைப்பது மாறுநிலை மின்னோட்டத்தின் பருமன் மட்டுமே, குறி தெரியாது. பூச்சியத்தைத் தொட்டு எழுந்தது என்பதை வைத்துப் பை-நிலை என்று ஊகிக்கிறோம். உறுதிப்படுத்த வேண்டுமானால் அந்தச் சந்தியை ஒரு மீக்கடத்து வளையத்தில் வைத்து, குறுக்கீட்டு வரைபடம் அரைக் காந்தப்பாயக் குவாண்டம் (மீக்கடத்து வளையத்துக்குள் அடங்கும் பாயத்தின் மிகச்சிறு அலகில் பாதி) நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாறுநிலை வெப்பநிலையும் காந்தப் படலத்தின் தடிமனோடு ஏறி இறங்கும். 1995-இல் நியோபியம்–கடோலினியம் அடுக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் வெளியானபோது பை-நிலையின் தடயம் என்று கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டே இரும்பு–நியோபியம் அடுக்குகளில் அதே போன்ற வளைவைக் கண்ட வேறொரு குழு வேறு விளக்கம் தந்தது: இரும்பின் முதல் சில அணு அடுக்குகள் நியோபியத்தோடு கலந்து காந்தத்தன்மையையே இழந்துவிடுகின்றன, படலம் தடிக்கும்போது காந்தம் திடீரென்று பிறப்பதால் வளைவு வளைகிறது. ஆகவே தடிமன் சார்ந்த எந்த வரைபடத்தையும் நம்புவதற்கு முன் காந்தத் திருப்புத்திறனைத் தடிமனுக்கு எதிராக வரைந்து, கோடு தடிமன் அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பது அவசியம். அந்த வெட்டுப்புள்ளிதான் செத்த அடுக்கின் தடிமன். ஊசல் நீளமே ஒரு நானோமீட்டராக இருக்கும்போது அரை நானோமீட்டர் செத்த அடுக்கு முழுக் கதையையும் மாற்றிவிடும்.

ஐயத்துக்கு இடமில்லாத வரைபடம் 2006-இல் நியோபியம், செம்பு–நிக்கல் இரட்டைப் படலத்தில் கிடைத்தது. செம்பு–நிக்கலின் தடிமன் கூடக்கூட மீக்கடத்தல் முழுவதுமாக மறைந்து, இன்னும் கூட்டியதும் திரும்பி வந்தது. செத்த அடுக்கால் இதை விளக்க முடியாது. காந்தப் படலத்தை ஆப்பு வடிவில் பூசி, ஒரே தகட்டிலிருந்து பல தடிமன்களை வெட்டியெடுத்ததால் பூச்சுக்குப் பூச்சு வரும் வேறுபாடும் ஒழிந்தது.

ஸ்பின் வால்வும் அதன் போலியும்

இனி முதலில் சொன்ன 6 மில்லிகெல்வினுக்கு வருவோம். ஒரு காந்தத்தைப் புரட்டி மீக்கடத்தலைத் திறந்து மூடும் அந்த அமைப்புக்கு ஸ்பின் வால்வு என்று பெயர். மீக்கடத்தியின் இருபுறமும் காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால் இணைமீது அவற்றின் பரிமாற்றம் கூடுகிறது. எதிர்த்திசையில் இருந்தால் ஓரளவு ரத்தாகிறது. ஆகவே எதிர்த்திசை நிலையில் மாறுநிலை வெப்பநிலை சற்று உயரும். காந்த மின்காப்பிகளுக்கு இதை டி ஜென் 1966-இலேயே சொல்லிவிட்டார். மீக்கடத்திப் படலம் இணையின் நீளத்தைப்போலச் சில மடங்குக்குள் இருந்தால்தான் இரண்டு காந்தங்களையும் ஒரே இணை உணரும். நியோபியப் படலங்களில் அந்த நீளம் 10 நானோமீட்டருக்கு அருகில். அதற்கு மேல் தடித்தால் விளைவு இல்லை. மிக மெலிந்தால் மீக்கடத்தலே இல்லை.

இந்த இடத்தில்தான் கசிவுப் புலம் நுழைகிறது. படலத்தின் தளத்துக்குள்ளேயே, ஒரே டொமைனாக (காந்தத்திசை ஒன்றாகவே இருக்கும் பகுதி) காந்தமேற்றப்பட்ட அகன்ற படலம் வெளியே கிட்டத்தட்டப் புலத்தைக் கசியவிடாது. ஆனால் திசை புரளும் நேரத்தில் அது பல டொமைன்களாக உடைகிறது. ஒவ்வொரு டொமைன் சுவரிலிருந்தும் செங்குத்துப் புலம் மீக்கடத்திக்குள் குத்துகிறது. எவ்வளவு என்று பார்ப்போம். இணையின் நீளம் 10 நானோமீட்டர் என்றால் நியோபியப் படலத்தின் மேல்-மாறுநிலைப் புலம் (மீக்கடத்தலை முற்றும் அழிக்கும் புலம்), மாறுநிலை வெப்பநிலைக்கு அருகே ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 0.36 டெஸ்லா என்ற வீதத்தில் மாறும். அப்படியானால் 10 மில்லிடெஸ்லா செங்குத்துப் புலம் மாறுநிலை வெப்பநிலையைச் சுமார் 28 மில்லிகெல்வின் இறக்கும். நாம் தேடும் விளைவைவிட இது பெரிது!

டொமைன்கூடத் தேவையில்லை. தளத்துக்கு இணையாக 50 மில்லிடெஸ்லா கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தகட்டை ஒரு பாகை சாய்த்து வைத்திருந்தால், செங்குத்துக் கூறு 0.87 மில்லிடெஸ்லா; வெப்பநிலை நகர்வு 2.4 மில்லிகெல்வின். மீக்கடத்துக் காந்தச்சுருளைப் பெரிய புலத்துக்கு ஏற்றி இறக்கினால் உள்ளே சிறைப்பட்ட பாயத்தால் சில மில்லிடெஸ்லா எஞ்சிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2006-ஐ ஒட்டி பெர்மலாய்–நியோபியம்–பெர்மலாய் அடுக்குகளில் (பெர்மலாய் என்பது நிக்கல்–இரும்புக் கலவை) தலைகீழான முடிவு வெளியானது: எதிர்த்திசை நிலையில் மாறுநிலை வெப்பநிலை இறங்கியது. ஸ்பின் குவிந்து இணைகளை உடைக்கிறது என்றொரு விளக்கம் வந்தது. அதே ஆண்டில் இன்னொரு குழு, காந்தங்கள் புரளும்போது வரும் கசிவுப் புலமே இதற்குப் போதும் என்று வாதிட்டது. என் பார்வையில் இரண்டாவது விளக்கமே வலுவானது. விளைவு காந்தம் புரளும் புலத்தைச் சுற்றி மட்டுமே தோன்றுவது அதற்கு நல்ல அடையாளம்.

பிரித்தறிய வழிகள் இருக்கின்றன. முதலாவது, காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் இடையே சில நானோமீட்டர் மின்காப்பு ஆக்ஸைடைச் செருகி இன்னொரு மாதிரி செய்வது. எலக்ட்ரான் தாண்ட முடியாது, புலம் தாண்டும். விளைவு அப்படியே இருந்தால் அது கசிவுதான். இதிலும் பொறி உண்டு: காப்புப் படலத்தில் ஊசித்துளைகள் இருந்தால் சோதனை செல்லாது, அதன் கரடுமுரடால் மேலே வரும் காந்தத்தின் புரள்புலமே மாறிவிடவும் கூடும். அதனால் இரு மாதிரிகளின் காந்தத் தயக்க வளையங்களும் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைகோடுகள்) ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டாவது, வெளிப்புலத்தை அணைத்துவிட்டு, பூச்சியப் புலத்தில் இரண்டு நிலைகளையும் அளப்பது. உண்மையான வால்வு என்றால் இரண்டு தட்டையான படிகள் தெரியும். கசிவு என்றால் குழிகள் மட்டுமே. மூன்றாவது, காந்தங்களுக்கிடையேயான கோணத்தை மெல்லச் சுழற்றுவது. கோணம் பற்றிக் கீழே வருகிறது.

நியோபியத்தின் நிலைமாற்றம் பெரும்பாலும் பத்து, இருபது மில்லிகெல்வின் அகலமானது. அதனால் 6 மில்லிகெல்வின் நகர்வு மின்தடையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றும். முழு மீக்கடத்தலுக்கும் சாதாரண நிலைக்கும் இடையே தாவ வைக்காது. அந்த முழுத் தாவலை 2010-இல் இரும்பு–செம்பு–இரும்பு–இண்டியம் அடுக்கில் காட்டினார்கள். 2013-இல் யூரோப்பியம் சல்ஃபைடு, அலுமினியம், யூரோப்பியம் சல்ஃபைடு அடுக்கில் அது இன்னும் தெளிவாகக் கிடைத்தது. யூரோப்பியம் சல்ஃபைடு மின்காப்பி என்பதால் எலக்ட்ரான் உள்ளே போய்த் தொலைவதில்லை. எல்லையிலேயே பரிமாற்றத்தை உணர்ந்து திரும்புகிறது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு அங்கேதான் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

நீளமாகப் போகும் இணைகள்

2001-இல் பெர்கெரே, வோல்கோவ், எஃபெடோவ் ஆகியோர் சொன்னது இது: காந்தத்தின் திசை இடத்துக்கு இடம் திரும்பிக்கொண்டிருந்தால், எதிரெதிர் ஸ்பின் இணைகளில் ஒரு பங்கு ஒரே ஸ்பின் கொண்ட மும்மை நிலை இணைகளாக மாறும். இரண்டு ஸ்பின்களும் ஒரே பக்கம் என்பதால் பரிமாற்றப் புலத்தோடு அவற்றுக்குப் பகையில்லை; வலுவான காந்தத்துக்குள்ளும் தூரம் போகும். 2006-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு குரோமியம் டைஆக்ஸைடு வழியே நூற்றுக்கணக்கான நானோமீட்டருக்கு மீமின்னோட்டம் ஓடுவதைக் கண்டது. அந்தப் பொருளில் கடத்தும் எலக்ட்ரான்கள் ஒரே ஸ்பின் கொண்டவை என்பதால் சாதாரண இணைக்கு அங்கே இடமேயில்லை. ஆனால் மாதிரிக்கு மாதிரி முடிவு தாறுமாறாக இருந்தது. எல்லையில் எந்தத் திருகல் இணைகளை மாற்றியது என்பது கட்டுப்பாட்டில் இல்லை.

அந்தக் கட்டுப்பாடு 2010-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் குழு ஹோல்மியத்தைப் பயன்படுத்தியது. அதன் காந்தத்திசை இயற்கையாகவே 12 அணு அடுக்குகளில், அதாவது சுமார் 3.4 நானோமீட்டரில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவோ மூன்று காந்தங்களை வரிசையாக வைத்தது: நடுவே கோபால்ட், இருபுறமும் மெல்லிய பல்லாடியம்–நிக்கல். நடுக் கோபால்ட்டை அவர்கள் ஒற்றைப் படலமாக வைக்கவில்லை. இரண்டாகப் பிரித்து இடையே 0.6 நானோமீட்டர் ருத்தீனியம் வைத்தார்கள்.

ஏன் ருத்தீனியம்? 10 மைக்ரோமீட்டர் அகலம், 10 நானோமீட்டர் தடிமன் கொண்ட கோபால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புலம் 1.8 டெஸ்லா. சந்தியைக் குறுக்காகக் கடக்கும் பாயம், அகலத்தையும் தடிமனையும் புலத்தால் பெருக்கினால் வருவது, 87 காந்தப்பாயக் குவாண்டங்கள். இவ்வளவு பாயம் டொமைன்களாகச் சிதறிக் கிடந்தால் சந்தியின் ஒவ்வொரு பகுதியிலும் கட்டம் ஒவ்வொரு விதமாக இருக்கும். மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ரத்துசெய்யும். மாறுநிலை மின்னோட்டத்தைப் புலத்துக்கு எதிராக வரைந்த வரைபடத்தில் சீரான மேடு பள்ளங்களுக்குப் பதில் குப்பைதான் கிடைக்கும். 0.6 நானோமீட்டர் ருத்தீனியம் இரண்டு கோபால்ட் படலங்களையும் எதிரெதிராகப் பூட்டிவிடுவதால் நிகரப் பாயம் பூச்சியமாகிறது. மற்றொரு தீர்வு சந்தியைச் சுருக்குவது: 0.5 மைக்ரோமீட்டர் அகலம், 2 நானோமீட்டர் பெர்மலாய் என்றால் பாயம் அரைக் குவாண்டம் மட்டுமே. கணினி நினைவகத்துக்காகச் செய்யப்படும் சந்திகள் மைக்ரோமீட்டருக்கும் குறைவான நீள்வட்டங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பின் வால்வில் கோணச் சோதனை உதவுவதும் மும்மை நிலையால்தான். காந்தங்களின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது மும்மை இணைகள் அதிகம் உருவாகி மீக்கடத்தியிலிருந்து இணைகளை வடித்துச் செல்கின்றன. மாறுநிலை வெப்பநிலை 90 பாகைக்கு அருகே தாழ்கிறது. ஒரே டொமைனாகவே திரும்பும் காந்தத்தின் கசிவால் இப்படியொரு பள்ளத்தை விளக்குவது கடினம்.

பூசும்போது

இவை பெரும்பாலும் காந்த ஸ்பட்டரிங் முறையில் (அயனிகளால் மோதி உலோக அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது), ஆக்ஸைடு பூசிய சிலிக்கான் தகடுகளில் செய்யப்படுகின்றன. நியோபியம் ஆக்ஸிஜனை விழுங்கும் உலோகம். அணுக்களில் 1 விழுக்காடு ஆக்ஸிஜன் கரைந்தால் மாறுநிலை வெப்பநிலை சுமார் 0.93 கெல்வின் இறங்கும். மில்லிகெல்வின்களைத் தேடும் வேலையில் இதைப் பொறுக்க முடியாது. அடிப்படை வெற்றிடம் 10 கோடியில் ஒரு பங்கு மில்லிபாருக்கும் கீழே போயிருக்க வேண்டும். எல்லா அடுக்குகளையும் வெற்றிடத்தை உடைக்காமல் ஒரே ஓட்டத்தில் பூச வேண்டும். நியோபியம் தடிக்கத் தடிக்கத் தூண்தூணாக வளர்ந்து மேற்பரப்பு கரடாகும். அதன்மேல் வரும் 2 நானோமீட்டர் காந்தம் அந்த மேடுபள்ளத்தை அப்படியே வாங்கும். இதைத் தவிர்க்க, தடித்த நியோபியத்துக்குப் பதில் நியோபியத்தையும் 2 நானோமீட்டர் சொச்சம் அலுமினியத்தையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள்.

சந்தியின் மின்தடை மிகச் சிறியது. பரப்பளவோடு பெருக்கிய தடை 10 ஃபெம்டோ ஓம்-சதுரமீட்டர் என்றால் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சந்தியின் தடை 0.13 மில்லி ஓம். 100 மைக்ரோஆம்பியருக்கு 13 நானோவோல்ட். சாதாரண வோல்ட்மானி இரைச்சலில் மூழ்கிவிடும். ஸ்குவிட் என்ற நுண்ணிய மீக்கடத்துக் காந்தமானி கொண்டு அளப்பது வழக்கம்.

உலோகங்களுக்கு வெளியே, இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்ஸைடு என்ற மீக்கடத்தியையும் காந்த மாங்கனைட்டையும் (மாங்கனீஸ் ஆக்ஸைடு வகை) அடுக்கினால் மூன்றாவது வழி ஒன்று தலைகாட்டும்: எல்லையில் மின்னூட்டம் இடம்பெயர்வது, மாங்கனீஸும் செம்பும் ஆக்ஸிஜன் வழியே புதிதாகப் பிணைவது. அங்கே மாறுநிலை வெப்பநிலை இறங்கியதற்குப் பரிமாற்றத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

பழைய குழப்பம் புதிய வேடத்தில் வருவதும் உண்டு. ஒரு திசையில் மட்டும் மீமின்னோட்டத்தை அதிகமாக விடும் மீக்கடத்து டயோடுகளுக்கு, அண்மைக்காலத்தில் ஸ்பின் சார்ந்த நுட்பமான காரணங்கள் பல முன்வைக்கப்பட்டன. 2023-இல் வனேடியம், யூரோப்பியம் சல்ஃபைடு அடுக்கில் செய்த சோதனை, காந்தத்தின் கசிவுப் புலத்தால் படலத்தின் ஓரங்களில் எழும் திரையிடு மின்னோட்டமும் சுழல்கள் (காந்தப்பாயக் கற்றைகள்) நுழைவதில் இரு ஓரங்களுக்கிடையே உள்ள வேறுபாடுமே பெரிய டயோடு விளைவைத் தருவதைக் காட்டியது.

பயன்பாடு என்று பார்த்தால், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இயங்கும் குளிர்நினைவகமே முன்னால் நிற்கிறது. 2016-இல் நிக்கலும் பெர்மலாயும் கொண்ட சந்தியில், ஒரு காந்தத்தைப் புரட்டி 0-நிலைக்கும் பை-நிலைக்கும் இடையே விருப்பப்படி மாற்றிக் காட்டினார்கள். நிக்கல் புரளாமல் நிற்கும். பெர்மலாய் மட்டும் சிறு புலத்தில் புரளும். இரு காந்தங்கள் இணைக்குத் தரும் கட்டங்கள் ஒரே திசையில் கூடும், எதிர்த்திசையில் கழியும். கூட்டல் ஒருபக்கமும் கழித்தல் மறுபக்கமும் விழும்படி இரு தடிமன்களையும் தேர்வதுதான் வடிவமைப்பு. ஒரு தகட்டில் ஒரு சந்தியில் அதைச் செய்ய முடிகிறது. பல லட்சம் சந்திகளில் நிக்கலின் தடிமன் ஒரு அணு அடுக்குக்கும் குறைவான பிழையோடு வர வேண்டும். ஒவ்வொரு பெர்மலாய் நீள்வட்டமும் ஒரே புலத்தில், ஒரே டொமைனாகப் புரள வேண்டும். தடிமனில் ஓரளவு வெற்றி கிடைத்திருக்கிறது. 4 கெல்வினில் புரள்புலம் சந்திக்குச் சந்தி சிதறுவது இன்னும் அடங்கவில்லை. நிக்கலின் டொமைன்கள் பெரிய புலம் கொடுத்து ஒழுங்குபடுத்தினால் ஒழிய ஒற்றையாக நிற்பதில்லை.